வசனத்தைச் சொல்வது யார்? யாரைப் பார்த்து?

1546ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் வட்டாரத்தில், செயின்ட்பரி என்ற குன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு புத்தகம் வாங்கினார். அது வேதாகமம் அல்ல, வேறு ஏதோ ஒரு வரலாற்றுத் தொகுப்பு. அந்தப் பிரதியில் அவர் கைப்பட எழுதிய குறிப்பு ஒன்று இன்றும் இருக்கிறது. மேய்ப்பர்கள் புதிய ஏற்பாட்டைப் படிக்கக் கூடாது என்று விலக்கிய காலத்தில் இந்தப் புத்தகத்தை வாங்கினேன் என்று அதில் சொல்கிறார். அந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள்தான் திருத்த வேண்டும் என்றும் வேண்டிக்கொள்கிறார்.

இயேசு பிறந்த செய்தி முதலில் வயல்வெளியில் ஆடு காத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதாக லூக்கா எழுதியிருக்கிறார். அந்த லூக்காவைப் படிக்கத்தான் ஓர் ஆட்டுக்காரருக்கு அனுமதி இல்லை.

இது வாய்மொழித் தடை அல்ல, நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் 1543இல் வந்தது. அதற்கு வைத்த பெயர், உண்மையான சமயத்தை வளர்ப்பதற்கான சட்டம்! பிரபுக்களும் கனவான்களும் தங்கள் வீட்டாருக்கு ஆங்கில வேதாகமத்தை வாசித்துக் காட்டலாம். வணிகர்கள் தனியாகப் படித்துக்கொள்ளலாம். உயர்குடிப் பெண்கள் தமக்குள் படிக்கலாம், பிறருக்கு வாசித்துக் காட்டக் கூடாது. மற்ற பெண்கள், கைவினைஞர்கள், தொழில் பழகும் இளைஞர்கள், வேலைக்காரர்கள், உழவர்கள், கூலிகள் ஆகியோர் படிக்கவே கூடாது.

இதைப் படிக்கும்போது நம் நாட்டில் எது நினைவுக்கு வரும் என்று தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இரண்டையும் அவசரப்பட்டு ஒன்றாக்கிவிடக் கூடாது. அந்தச் சட்டம் ஹென்றி இறந்த 1547ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அது தொழிலையும் செல்வத்தையும் பார்த்துப் போட்ட வேலி. அங்கே கூலியின் மகன் வணிகனானால் வேலியைத் தாண்டிவிடலாம். சாதியின் வேலி அப்படிப்பட்டதல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். படித்தால் நமக்குப் பயன்படும் ஒன்று கிடைக்கும்: ஒரு புனித நூலின் வரி பிரசங்க மேடையில் ஏறும்போது என்ன ஆகிறது என்ற அறிவு.

சட்டம் நீங்கியது. மேடை மட்டும் அரசின் கையிலேயே இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் செய்தித்தாள் கிடையாது. மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அரசு தன் குரலை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கக் கிடைத்த ஒரே இடம் ஆலயம். எலிசபெத் காலத்தில், 1559ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். யார் வேண்டுமானாலும் பிரசங்கம் செய்துவிடவும் முடியாது. அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத குருமார், அரசு அச்சிட்டுக் கொடுத்த ஆயத்தப் பிரசங்கங்களை அப்படியே வாசிக்க வேண்டும். 1547இல் வந்த முதல் தொகுப்பில் 12 பிரசங்கங்கள் இருந்தன. பத்தாவது பிரசங்கம் கீழ்ப்படிதலைப் பற்றியது.

அந்தப் பத்தாவது பிரசங்கத்தை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். வானத்தில் தூதர்களுக்குப் படிநிலை உண்டு, சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒழுங்கு உண்டு, அதுபோல மனிதர்களிலும் சிலர் மேலே, சிலர் கீழே என்று அது தொடங்குகிறது. அரசனும் குடியும், எசமானனும் வேலைக்காரனும், பணக்காரனும் ஏழையும் கடவுள் வைத்த வரிசை என்கிறது. பிறகு வசனங்கள் அணிவகுக்கின்றன. முதலில் நிற்பது ரோமர் 13ஆம் அதிகாரம்: இருக்கிற அதிகாரம் எல்லாம் கடவுளால் ஏற்பட்டது, அதை எதிர்ப்பவன் கடவுளையே எதிர்க்கிறான் என்ற கருத்து. அடுத்து தாவீதின் கதை. தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் அரசன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அபிஷேகம் பெற்றவன் என்பதால் தாவீது அவனைத் தொடவில்லை என்ற கதை.

மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர் 5இல் பேதுரு சொல்லும் இடத்தையும் அந்தப் பிரசங்கம் மறைக்கவில்லை. அதை எடுத்துக் காட்டிவிட்டு, உடனே ஒரு பூட்டு போடுகிறது: அரசன் தவறான கட்டளை இட்டால் செய்ய வேண்டாம், ஆனால் எதிர்த்து எழவும் வேண்டாம், வருவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புக்கு உதவக்கூடிய வசனத்தைத் தானே முந்திக்கொண்டு எடுத்து, அதன் பல்லைப் பிடுங்கி வைப்பது ஆதிக்கத்தின் பழைய கலை.

இன்னொன்றும் இருக்கிறது. ஆள்வோர் இல்லாவிட்டால் என்னென்ன கேடு வரும் என்று அந்தப் பிரசங்கம் அடுக்குகிறது. கொலை, கொள்ளை என்று போகும் அந்தப் பட்டியலில், எல்லாப் பொருளும் பொதுவாகிவிடும் என்பதும் ஒன்று! அப்போஸ்தலர் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முதல் கிறிஸ்தவர்கள் எதையும் தன்னுடையது என்று சொல்லாமல் எல்லாவற்றையும் பொதுவாக வைத்திருந்தார்கள் என்று அங்கே பெருமையோடு எழுதியிருக்கிறது. வேதாகமம் புகழ்ந்ததை வேதாகமத்தின் பெயரால் பேரழிவு என்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த உழவரின் கையில் புத்தகம் இல்லாதவரை இது செல்லுபடியாகும்.

மேடை முழுவதும் ஆள்வோருக்கே உழைத்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அதே ஆண்டுகளில் ஹியூ லாட்டிமர் என்ற பிரசங்கி இருந்தார். குத்தகைக்கு உழுத குடியானவரின் மகன். 1548 ஜனவரியில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் கலப்பையை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார. உழவன் ஆண்டு முழுவதும் நிலத்தில் நிற்கிறான், ஆயர்கள் மட்டும் தங்கள் வயலை விட்டுவிட்டு மாளிகைகளில் இருக்கிறார்கள் என்றார். இங்கிலாந்திலேயே ஓய்வில்லாமல் உழைக்கும் ஆயர் பிசாசுதான் என்று கேலி செய்தார். லண்டன் பணக்காரர்களின் வாசலில் ஏழைகள் பசியால் சாவதைச் சுட்டிக்காட்டினார்.

மறு ஆண்டு, 1549 மார்ச்சில், பதினொரு வயது அரசன் ஆறாம் எட்வர்டின் முன் அவர் நின்றார். அந்தப் பிரசங்கங்களில் அவர் எடுத்தது ரோமர் 13இன் கீழ்ப்படிதலை அல்ல. உபாகமம் 17ஆம் அதிகாரத்தை எடுத்தார். அரசன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது, பொன்னும் வெள்ளியும் குவிக்கக் கூடாது, சட்டத்தின் பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் வாசிக்க வேண்டும் என்று அரசனுக்கு எல்லை போடுகிற பகுதி அது. வசனத்தோடு வீட்டுக் கணக்கையும் வைத்தார். என் அப்பா ஆண்டுக்கு மூன்று நான்கு பவுண்டு குத்தகையில் நிலம் பிடித்து, ஆறு பேருக்கு வேலை கொடுத்து, எங்களைப் படிக்க வைத்தார். இப்போது அதே நிலத்துக்கு 16 பவுண்டுக்கு மேல் குத்தகை, இன்று உழுபவரால் ஓர் ஏழைக்குக் குடிக்கக் கொடுக்கக்கூட முடியவில்லை என்றார். வசனம் வானத்தில் தொங்காமல் குத்தகைச் சீட்டில் வந்து இறங்கியது.

லாட்டிமர் கலகக்காரர் அல்ல. அவர் கிளர்ச்சியையும் கண்டித்தார். அந்தக் கோடையிலேயே நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையில் மக்கள் எழுந்தார்கள். நார்விச் நகருக்கு வெளியே முகாம் அடித்து அவர்கள் எழுதிய கோரிக்கைப் பட்டியலில் ஒன்று, பண்ணை அடிமைகள் எல்லோரையும் விடுவிக்க வேண்டும் என்பது. காரணமாக அவர்கள் சொன்னது, கிறிஸ்து தன் இரத்தத்தைச் சிந்தி எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார் என்பது. அதிகார எண்ணும் வசன எண்ணும் அதில் இல்லை. ஆலயத்தில் காலம் காலமாகக் காதால் கேட்ட சொல்லை, தங்கள் கழுத்து நுகத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகஸ்டில் படை வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். கெட் தூக்கிலிடப்பட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1555 அக்டோபரில், மேரி அரசியின் ஆட்சியில் லாட்டிமரும் ஆக்ஸ்போர்டில் எரிக்கப்பட்டார். அவரை எரித்தது அவருடைய சமயக் கொள்கைக்காக.

மேரிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிய ஆங்கிலேயர்கள் ஜெனீவாவில் ஒரு மொழிபெயர்ப்பைச் செய்து 1560இல் வெளியிட்டார்கள். அதைத்தான் ஜெனீவா வேதாகமம் என்பார்கள். அதில் ஒரு சிறிய மாற்றம் இருந்தது. முழு ஆங்கில வேதாகமத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் எண் போடப்பட்டது அதுதான் முதல்முறை. இன்று நமக்கு அது சாதாரணம். அன்று அதன் விளைவு பெரிது. அதற்குமுன் பிரசங்கி, பவுல் ஓரிடத்தில் சொல்கிறார் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம். பெரும்பாலும் நினைவிலிருந்துதான் சொன்னார்கள். சொற்களை மாற்றினார்கள், இரண்டு மொழிபெயர்ப்புகளைக் கலந்தார்கள், சிலர் லத்தீனில் சொல்லிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்கு வந்தார்கள். எண் வந்த பிறகு, கேட்பவர் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துப் பார்க்க முடிந்தது.

அப்படிப் பார்த்தார்களா? பார்த்தார்கள் என்பதற்குச் சாட்சி அவர்களை வெறுத்த ஒருவரிடமிருந்தே கிடைக்கிறது. வில்லியம் வெஸ்டன் என்ற இயேசு சபைக் குரு 1588 முதல் விஸ்பீச் கோட்டையில் கைதியாக இருந்தார். கோட்டைக்கு அருகே பியூரிட்டன்கள் பிரசங்கம் கேட்கக் கூடுவார்கள். கைதியாக அவர் கண்டதைப் பின்னாளில் எழுதினார். ஒவ்வொருவர் கையிலும் வேதாகமம். பிரசங்கி ஒரு வசனத்தைச் சொன்னால் பக்கங்களைப் புரட்டித் தேடுகிறார்கள். முடிந்த பிறகு, அந்த வசனம் சரியாகச் சொல்லப்பட்டதா, இடத்துக்குப் பொருந்துகிறதா என்று ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் பட்டிக்காட்டுக் கூலிகளும் தங்களுக்குள் வாதிடுகிறார்கள். வெஸ்டன் இதை ஏளனமாகத்தான் எழுதினார். நாம் அதை வேறு கண்ணால் படிக்கலாம். 1543இல் எந்தக் கூலியும் பெண்ணும் படிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்களோ, அரை நூற்றாண்டுக்குள் அதே கூலியும் பெண்ணும் பிரசங்கியின் மேற்கோளைச் சரிபார்க்கிறார்கள்.

அரசர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஜெனீவா வேதாகமத்தின் பக்க ஓரங்களில் விளக்கக் குறிப்புகள் உண்டு. யாத்திராகமம் 1ஆம் அதிகாரத்தில், எபிரெயரின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் கட்டளையை மருத்துவச்சிகள் மீறுகிறார்கள். அந்த மீறல் முறையானது என்றது ஓரக்குறிப்பு. 1604இல் ஹாம்ப்டன் கோர்ட் மாநாட்டில் ஜேம்ஸ் அரசர் இந்தக் குறிப்பையே எடுத்துக்காட்டி, இவை ராஜத்துரோகக் குறிப்புகள் என்று சீறினார். 1611இல் அவர் பெயரால் வந்த மொழிபெயர்ப்பில் இத்தகைய விளக்கக் குறிப்புகளுக்கு இடம் இல்லை. இரண்டு பிரசவ மருத்துவச்சிகள் ஒரு பேரரசனை எதிர்த்த கதையை நீக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் இருந்த குறிப்பை நீக்க முடிந்தது.

இப்போது 1607ஆம் ஆண்டுக்கு வருவோம். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் எல்லோரும் பயன்படுத்திய பொதுநிலத்தையும், ஊரார் உழுத வயலையும் வேலி போட்டு அடைத்து, ஆட்டுப் பண்ணை ஆக்குவது அப்போது பல மாவட்டங்களில் நடந்தது. நார்தாம்ப்டன்ஷயர், வாரிக்ஷயர், லெஸ்டர்ஷயர் மக்கள் மண்வெட்டியோடு வந்து வேலிகளைப் பிடுங்கிப் பள்ளங்களை மூடினார்கள். ஜூன் 8ஆம் தேதி நியூட்டன் என்ற ஊரில் நிலவுடைமையாளர்களின் படை அவர்கள் மேல் பாய்ந்தது. சுமார் 40 முதல் 50 பேர் செத்தார்கள். பிடிபட்ட சிலரைத் தூக்கிலிட்டார்கள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 21 அன்று நார்தாம்ப்டனில், கலகத்தை விசாரிக்க வந்த ஆணையர்களுக்கும் மாவட்டத்தின் அரசப் பிரதிநிதிக்கும் முன்னால் ராபர்ட் வில்கின்சன் என்பவர் பிரசங்கம் செய்தார். அவர் தேர்ந்தெடுத்த வசனம் மத்தேயு 4:4. மனிதனை வாழவைப்பது வெறும் அப்பம் மட்டும் இல்லை, கடவுளின் வாயிலிருந்து வரும் சொல்லும்தான் என்ற பொருள் கொண்ட வசனம். அப்பத்துக்காக எழுந்தவர்களின் புதைகுழி மண் காய்வதற்கு முன் அந்த வசனம்!

வில்கின்சனுக்கு நாம் அநியாயம் செய்யக் கூடாது. வேலி போட்டவர்களின் பேராசையையும் அவர் கண்டித்தார். பசி மக்களை எங்கே தள்ளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கலகக்காரர்களையும் அதே மூச்சில் கண்டித்தார். இரண்டு பக்கமும் தவறு என்று நடுவில் நின்றார். ஒரு பக்கம் நாற்பதுக்கு மேல் பிணம், மறு பக்கம் பிடுங்கிய வேலி. இவற்றுக்கு நடுவில் நிற்பது நடுநிலையா?

அந்த வசனத்தின் சொந்த வீட்டைப் போய்ப் பார்ப்போம். மத்தேயுவில் அதைச் சொல்பவர் இயேசு. நாற்பது நாள் பட்டினி கிடந்தவர், தன் பசியைப் பற்றித் தானே பேசுகிறார். அவருக்கும் அது மேற்கோள்தான், உபாகமம் 8ஆம் அதிகாரத்திலிருந்து. அங்கே அது அடிமைத்தனத்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் பசித்த மக்களுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்களுக்கு முதலில் உணவு கிடைத்தது. அதே வாக்கியத்தில் மன்னா வருகிறது. பசித்தவன் தன்னைப் பார்த்துச் சொல்லும்போது அந்த வசனம் உறுதி. சோறு போட்ட பிறகு சொல்லும்போது அது பாடம். வயிறு நிறைந்தவர்களின் அவையில், பசித்தவனைப் பற்றிச் சொல்லும்போது அது வேறு ஒன்றாகிவிடுகிறது. சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சொல்பவரும் கேட்பவரும் மாறினார்கள்.

மத்தேயுவில் இரண்டு வசனம் தள்ளிப் படித்தால் இன்னொரு மேற்கோள் வருகிறது. சங்கீதம் 91இலிருந்து எடுத்துச் சொல்கிறான் ஒருவன். அவன் பிசாசு. மேற்கோள் சரியாக இருப்பது மட்டும் போதாது என்பதை வேதாகமமே சொல்லி வைத்திருக்கிறது.

விடுதலைக்கான வசனங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 1609 ஏப்ரலில் லண்டனில் வர்ஜீனியா நிறுவனத்தாரின் முன் வில்லியம் சைமண்ட்ஸ் பிரசங்கித்தார். ஊரையும் உறவையும் விட்டு, காட்டும் நாட்டுக்குப் போ என்று ஆபிரகாமை அழைக்கும் ஆதியாகமம் 12தான் அவர் எடுத்த பகுதி. அதே ஆண்டு ராபர்ட் கிரே, யோசுவா 17ஐ எடுத்து அதே குடியேற்றத்துக்கு வாதாடினார். நாடற்றவர்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதி, கடல் தாண்டியதும் அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்துக்குப் பட்டாவாகிவிட்டது. 1642 பிப்ரவரியில் ஸ்டீபன் மார்ஷல் நாடாளுமன்றத்தில் நியாயாதிபதிகள் 5:23ஐ எடுத்தார். வலியவர்களுக்கு எதிரான போரில் உதவிக்கு வராத மேரோஸ் ஊராரைச் சபிக்கும் வசனம். ஒதுங்கி நிற்பவர்களுக்கும் சாபம் உண்டு என்பதே அதன் சாரம். அதை அவர் அறுபது முறை வரை வெவ்வேறு ஊர்களில் பிரசங்கித்ததாகச் சொல்வார்கள். ஆகஸ்டில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. கொடுங்கோன்மைக்கு எதிரான அந்தக் குரல் நமக்கு இனிக்கலாம். ஆனால் உன்னோடு வராதவனை எல்லாம் சபிக்கலாம் என்ற கதவையும் அதுதான் திறந்தது.

சரியாக மேற்கோள் காட்டுவது எப்படி என்று கேட்டால், நாம் மார்கரெட் ஃபெல்லைக் காட்டுவோம். குவேக்கர் இயக்கத்தைச் சேர்ந்தவர். சிறையில் இருந்தபடி பெண்கள் பேசும் உரிமைக்காக ஒரு நூல் எழுதினார். 1666இல் அது வெளிவந்தது. சபையில் பெண்கள் பேசாமல் இருக்கட்டும் என்ற 1 கொரிந்தியர் 14ஐ வைத்துத்தான் பெண்களின் வாயை அடைத்தார்கள். அவர் அந்த வசனத்தை விட்டு ஓடவில்லை. அதை எடுத்து மேசையில் வைத்து, எந்தச் சபைக்கு, எந்தக் குழப்பத்தில் அது எழுதப்பட்டது என்று கேட்டார். பிறகு மகன்களும் மகள்களும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற யோவேலின் வாக்கைப் பக்கத்தில் வைத்தார். உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் கொண்டுபோனவர்கள் பெண்கள்தானே என்று கேட்டார். எதிரி எடுத்த வசனத்தையும் முழுதாகப் படித்தார், எதிரி விட்டுவிட்ட வசனத்தையும் கொண்டுவந்தார்.

இளம் தோழர்களே, இதை வெறும் அயல்நாட்டுக் கதையாகப் படித்துவிட்டுப் போக வேண்டாம். நம் சுவரொட்டிகளிலும் உரைகளிலும் அண்ணலின் வரிகள் நாள்தோறும் வருகின்றன. எந்த நூல், எந்த ஆண்டு, யாரை எதிர்த்துச் சொன்னது என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்? சாஸ்திரங்களின் புனிதத்தை உடைக்காமல் சாதி ஒழியாது என்று 1936இல் எழுதியவரின் வரியையே ஆராயாமல் ஓதும் சாஸ்திரமாக்கினால், அவரைத்தான் நாம் தோற்கடிக்கிறோம். நமக்கு எதிரானவர்களும் இன்று அவர் வரிகளை எடுத்துப் பேசுகிறார்கள். சொல் சரியாகத்தான் இருக்கிறது. முன்வரியும் பின்வரியும்தான் காணாமல் போகின்றன.

அதனால் அடுத்த படிப்பு வட்டத்தில் ஒரு வேலை செய்வோம். யாராவது ஒரு மேற்கோளைச் சொன்னால், கைதட்டுவதற்குமுன் புத்தகத்தைத் திறப்போம். அந்தப் பக்கத்தை முழுதாக ஒருவர் உரக்க வாசிக்கட்டும். இதைச் சொன்னவர் யார், யாரைப் பார்த்துச் சொன்னார், இன்று யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்போம். விஸ்பீச்சில் அந்தக் கூலிகளும் பெண்களும் செய்தது இதுதான். செயின்ட்பரி குன்றின் ஆட்டுக்காரருக்கு மறுக்கப்பட்டதும் இதுதான்.